தட்டிப் பார்த்த கை

"நீங்கள் என்ன தொழில் செய்தீர்கள்?" என்று கேட்பவர்களிடம், "சினிமாவில் இருந்தேன்" என்று நான் சொல்வதுண்டு. உடனே அவர்களுடைய கண்களில் ஓர் ஒளி தோன்றும். எந்த நடிகரோடு பழகினீர்கள், எந்தப் படத்தில் வந்தீர்கள் என்று கேள்விகள் அடுக்கடுக்காக எழும். "படத்தில் நான் வரவில்லை ஐயா, நடிகர்களுக்குப் பின்னால் தெரியும் சுவர்களுக்கு வண்ணம் பூசினேன்" என்றதும் அந்த ஒளி அணைந்துவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சுவரைப் பார்த்து, இது வண்ணம் பூசிய தட்டி என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே எங்களுக்குக் கூலி கொடுத்தார்கள். 1974 முதல் 2012 வரை அந்தக் கூலியில்தான் என் குடும்பம் உண்டது. என் மக்கள் படித்தார்கள்.

ஆயினும் அத்தொழிலில் நான் செய்த ஒரு பிழை இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் என் ஊரிலிருந்தும், என் தந்தையிடமிருந்தும் தொடங்க வேண்டும்.

என் சொந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரம். வைணவ அன்பர்கள் இதனைக் கூரத்தாழ்வாரின் ஊர் என்று அறிவார்கள். வரலாறு பயின்றவர்கள் கூரம் செப்பேட்டை அறிவார்கள். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய செப்பேடு அது. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் பணிகளுக்கும், அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் பங்கு ஒதுக்கியதை அது கூறுகிறது. தமிழகத்தில் கல்லை அடுக்கிக் கட்டிய மிகப் பழைய கோயில்களுள் ஒன்றான அதன் பின்புறம், படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும்.

சிறுவயதில் அக்கோயிலைச் சுற்றி நாங்கள் ஓடி விளையாடுவோம். கல் என்றால் கறுப்பு என்று சொல்லிவிடுகிறோம். உற்றுப் பார்த்தால் அதில் எத்தனை நிறங்கள்! மழைநீர் வழிந்த தடம் கறுத்திருக்கும். வெயில் படும் முகம் சாம்பல் பூத்திருக்கும். நிலத்தை ஒட்டிய வரிசையில் செம்மண் தெறித்துக் காவி படிந்திருக்கும். கல்லும் கல்லும் சேரும் இடுக்கில் பாசி பிடித்திருக்கும். அதுவே என் பள்ளிக்கூடம் ஆகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் தந்தை சுண்ணாம்பு அடிப்பவர். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கு வெள்ளையடிப்பது அவர் தொழில். எங்கள் பங்குக் கோயிலுக்கும் ஆண்டுதோறும் அவரே வெள்ளையடிப்பார். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீரில் நீற்றி, துணியில் வடித்து, சிறிது நீலமும் பசையும் கலந்து, நார் மட்டையால் மேலும் கீழும் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை என்று பூசுவார். ஆனால் மட்டையை எடுக்கும் முன்பு அவர் செய்யும் ஒரு காரியம் உண்டு. விரல் முட்டியால் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். திடமான சுவர் ஒருவிதமாக ஒலிக்கும். உள்ளே காரை விட்டுப்போன இடம் வேறுவிதமாக ஒலிக்கும். அப்படி ஒலித்த இடத்தைச் சுரண்டி எடுத்து, புதுக்காரை வைத்து அடைத்து, அது காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பைத் தொடுவார்.

வீட்டுக்காரர்கள் பொறுமை இழப்பார்கள். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மேலே ஒரு பூச்சுப் பூசி விட்டுவிடு அப்பா" என்பார்கள். "நாளைக்கு நன்றாகத்தான் இருக்கும் அய்யா, ஆடி மாதத்தில் குழந்தை படுத்திருக்கும்போது பெயர்ந்து விழும்" என்பார் அவர். இதனால் அவருக்கு இரண்டு நாள் கூலி இழப்பே தவிர, ஆதாயம் இருந்ததில்லை.

ஒருநாள் திருப்பலியில், வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கூறிய பகுதி வாசிக்கப்பட்டது. எனக்குப் பத்து வயது இருக்கும். எல்லோரும் என் தந்தையையே திரும்பிப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றிற்று. வீடு திரும்பும் வழியில், "அப்பா, நம் தொழிலை ஆண்டவர் ஏன் அப்படிச் சொன்னார்?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது வெள்ளையடிக்கிறவனைச் சொன்னதில்லை தம்பி, உள்ளே இருப்பதைப் பார்க்காமல் அடிக்கிறவனைச் சொன்னது" என்றார்.

*

1974ஆம் ஆண்டு, எனக்குப் பதினேழு வயதானபோது, கோடம்பாக்கத்தில் தச்சராக இருந்த என் மாமா என்னை அழைத்துச் சென்று ஒரு சீன் பெயிண்டரிடம் சேர்த்துவிட்டார். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைத்தார்கள். இளமையில் நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதியவர். தெருப் படுதா, காட்டுப் படுதா, அரண்மனைப் படுதா என்று சுருட்டி வைத்து, காட்சிக்குக் காட்சி இறக்கி ஏற்றிய காலத்தை அவர் கதை கதையாகச் சொல்வார்.

சினிமாவின் கலைக்கு வேர் அந்தப் படுதாக்களில்தான் இருக்கிறது என்பது அவரிடம் நான் கற்ற முதல் பாடம். கன்னையா கம்பெனியின் நாடகங்களைக் காட்சியமைப்புக்காகவே மக்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். நவாப் இராஜமாணிக்கம் தம் குழுவினரைக் கொண்டு ‘ஏசுநாதர்’ நாடகத்தையும் அத்தகைய பெருங்காட்சிகளோடு ஊர் ஊராக நடத்தினார். வீடுதோறும் தொங்கிய சாமிப் படக் காலண்டர்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜுவும் ஒரு காலத்தில் நாடகப் படுதா எழுதியவரே. அந்த மரபே பின்னர் ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தது. 1948இல் ஜெமினி நிறுவனத்தின் ‘சந்திரலேகா’ வெளிவந்தபோது, ஆளுயர முரசுகளின்மேல் பெண்கள் ஆடிய காட்சியை நாடே வியந்து பார்த்தது. அதன் கலை இயக்குநர் ஏ. கே. சேகர். அவருடைய பெயரையாவது சிலர் அறிவர். அம்முரசுகளுக்கு வண்ணம் பூசியவர்களின் பெயரை எவரும் அறியார். மேஸ்திரி இதைக் குறையாகச் சொல்லவில்லை. தொழிலின் இயல்பு என்று சொன்னார்.

முதல் ஓராண்டுக் காலம் தூரிகையை என் கையில் கொடுக்கவில்லை. வச்சிரப் பசையை ஊறவைத்துக் காய்ச்சுவதும், வண்ணப் பொடிகளை அரைத்துக் குழைப்பதும், மாலையில் வாளிகளைக் கழுவுவதுமே என் வேலை. அந்தப் பசையின் நாற்றம் சட்டையில் ஏறி, சோற்றிலும் ஏறும். பசை குறைந்தால் வண்ணம் காய்ந்ததும் பொடியாக உதிரும். நடிகரின் தோளில் ஒட்டிக்கொள்ளும். பசை மிகுந்தால் வெடித்துச் சுருளும். விளக்கொளியில் மினுமினுத்துக் காட்டிக்கொடுக்கும். ஈர வண்ணம் ஒரு நிறம், காய்ந்தது வேறொரு நிறம் என்பதால், ஒரு பலகைத் துண்டில் பூசி, அடுப்பருகே காயவைத்துப் பார்த்த பிறகே தட்டியில் ஏற்றுவோம்.

அப்போது கறுப்பு வெள்ளைப் படங்களும் வந்துகொண்டிருந்தன. சிவப்பும் பச்சையும் நம் கண்ணுக்கு எவ்வளவு வேறுபட்டாலும், இரண்டின் அடர்த்தி ஒன்றாயிருந்தால் அப்படங்களில் ஒரே சாம்பலாகிவிடும். தூய வெள்ளையோ விளக்கொளியில் கண்ணைப் பறித்து, அருகில் நிற்பவரின் முகத்தை இருளாக்கிவிடும். ஆகவே வெள்ளைச் சுவர் வேண்டுமென்றால் அதில் சிறிது சாம்பலோ மஞ்சளோ கலப்போம். "கண்ணைப் பாதி மூடிப் பார், நிறம் மறையும், அடர்த்தி தெரியும்" என்பார் மேஸ்திரி. அப்பழக்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

செட் எழும் விதத்தை நேரில் காணாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். தச்சர்கள் மரச்சட்டங்களை அடித்து, அதன்மேல் பிளைவுட்டோ துணியோ பொருத்தித் தட்டிகளை நிறுத்துவார்கள். தூண்களையும் சிற்பங்களையும் களிமண்ணில் செய்து, அச்செடுத்து, தேங்காய் நார் கலந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பார்கள். எல்லாம் வெள்ளை வெளேரென்று நிற்கும். அந்த நிலையில் எங்களை அழைப்பார்கள். ஓர் இரவுக்குள் அது முந்நூறு ஆண்டுப் பழமையான கோட்டையாக வேண்டும். அல்லது ஏழை வீட்டுச் சமையலறையாக வேண்டும். கடற்பஞ்சு, கந்தல் துணி, துடைப்பம், கோழி இறகு யாவும் எங்கள் கருவிகள். ஈரச் சாம்பல் நிறத்தின்மேல் துடைப்பத்தால் கருமையைத் தெறித்தால் கருங்கல். ஈரம் காயுமுன் இறகால் கோடிழுத்தால் சலவைக்கல். காய்ந்த தூரிகையை இழுத்தால் தேக்கு மரத்தின் வரி.

புதியதைப் புதிதாகக் காட்டுவது எளிது. பழையதாகக் காட்டுவதே கடினம். அழுக்கைக் கண்டபடி பூசினால் அது அழுக்காகத் தெரியாது, பூச்சாகவே தெரியும். சன்னலுக்குக் கீழே மழைநீர் வழியும். விளக்கு மாடத்துக்கு மேலே புகை படியும். கதவில் கை படும் உயரத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். "ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் வேண்டும்" என்று மேஸ்திரி சொன்னபோது, எனக்குக் கூரத்துக் கோயிலின் சுவர் நினைவுக்கு வந்தது.

*

1979இல் ஒரு புராணப் படத்துக்காகக் கோயில் மண்டபம் ஒன்று அமைத்தார்கள். கல் வேலை முழுவதையும் மேஸ்திரி முதன்முறையாக என்னிடம் ஒப்படைத்தார். ஒரு ஞாயிறன்று காஞ்சிபுரம் சென்று கைலாசநாதர் கோயிலின் சுற்றுச் சிற்றறைகளில் எஞ்சியிருக்கும் பழைய வண்ணத் துணுக்குகளை நெடுநேரம் பார்த்தேன். ஊருக்குச் சென்று, எங்கள் கோயிலின் பின்சுவரில் கை வைத்துப் பார்த்தேன். பிறகு நான்கு இரவு, நான்கு பகல் உழைத்தேன். கீழ்வரிசையில் செம்மண் தெறிப்பு, தூணின் வடபுறத்தில் பாசி, படியின் நடுவில் தேய்மானம் என்று எதையும் விடவில்லை. வேலை முடிந்ததும் மேஸ்திரி சுற்றிவந்து பார்த்துவிட்டு, வெற்றிலையை மென்றபடி தலையை மட்டும் அசைத்தார். அவரிடமிருந்து அதற்குமேல் எவரும் வாங்கியதில்லை.

அந்தப் பெருமிதத்தில், படப்பிடிப்புக்கு முந்தின நாள் என் தந்தையை அழைத்துச் சென்றேன். அவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். தூணை அண்ணாந்து பார்த்தார். "நம் ஊர்க் கல்லு மாதிரியே இருக்கிறதே தம்பி!" என்றார். என் நெஞ்சு பூரித்தது. அடுத்த கணம், பழக்கத்தின் வசத்தால், அவருடைய கை உயர்ந்து விரல் முட்டியால் தூணைத் தட்டிற்று. டொக், டொக் என்று வெற்றுப் பெட்டியின் ஓசை எழுந்தது.

அவர் சிரிக்கவில்லை. "உள்ளே ஒன்றுமில்லையே" என்றார்.

"செட் என்றால் அப்படித்தான் அப்பா. நாலு நாள் நின்றால் போதும். பிறகு உடைத்துவிடுவார்கள்."

"சரிதான். இதில் சாய்ந்து நிற்கப் போகிறவர்களுக்கு அது தெரியுமா?"

"எல்லோருக்கும் தெரியும் அப்பா" என்று சொல்லிச் சிரித்தேன். கிராமத்து மனிதர், சினிமா புரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

*

நான்கு ஆண்டுகள் சென்றன. மேஸ்திரி கண்பார்வை மங்கி ஓய்வுபெற்றுவிட, 1983இல் ஒரு படத்தின் பெயிண்டிங் வேலைக்கு நானே பொறுப்பாளன். பழைய காலத்துத் தெரு ஒன்றை அமைத்திருந்தார்கள். அதில் ஒரு வீட்டின் மாடி முகப்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. கதாநாயகி அங்கு நின்று தெருவைப் பார்ப்பதாகக் காட்சி. அந்த முகப்பின் ஓரத்துப் பலகை ஏற்கெனவே பல செட்டுகளில் அடிபட்டது. நீளவாக்கில் விரிசல் விட்டு, ஆணித் துளைகளால் சல்லடையாகியிருந்தது.

"இதை மாற்ற வேண்டும்" என்றேன்.

"நேரமில்லை" என்றார் தயாரிப்புப் பொறுப்பில் இருந்தவர். "காலை ஏழு மணிக்கு ஷாட். அந்த அம்மாள் நிற்பது நடுவில். ஓரத்துக்கு யாரும் வரமாட்டார்கள். விரிசல் மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

நான் மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. மரத்தூளையும் பசையையும் குழைத்து விரிசலை நிரப்பினேன். தேய்த்து வழுவழுப்பாக்கினேன். அதன்மேல் தேக்கின் வரியை ஒவ்வொன்றாக இழுத்தேன். உண்மையைச் சொல்லுகிறேன்: வேலை முடிந்தபோது அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்த முகப்பில் இருந்த பலகைகளிலேயே அதுதான் மிகவும் உறுதியானதாகத் தோன்றிற்று.

மறுநாள் காலை, விளக்கு ஒன்றை இடம் மாற்றி வைப்பதற்காக ஒரு லைட்மேன் மேலே ஏறினார். இருபது வயதுப் பிள்ளை. தோளில் சுமையோடு, எந்தப் பலகை உறுதியாகத் தெரிந்ததோ அந்தப் பலகையில் கால் வைத்தார். துப்பாக்கி வெடித்ததுபோல் ஓர் ஓசை கேட்டது. நான் ஓடிச் சென்றபோது அவர் தரையில் கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. விளக்கு அவர் தலைமேல் விழாமல் ஓரடி தள்ளி விழுந்தது கடவுளின் கருணை என்றே சொல்ல வேண்டும்.

மருத்துவச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. எவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. பழைய பலகை, கெட்ட நேரம் என்று பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் பழத்தோடு மருத்துவமனைக்குச் சென்றேன். காலை மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் எழ முயன்றார்.

"பலகை நன்றாகத்தான் இருந்தது அண்ணே. பார்த்துத்தான் கால் வைத்தேன். என் நேரம்" என்றார்.

இதைக் கேட்டபின் அங்கே நிற்க என்னால் இயலவில்லை. பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கவனமில்லாமல் விழவில்லை. பார்த்துத்தான் கால் வைத்தார். அவர் பார்த்தது என் பூச்சை.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையிடம் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

"நீ தட்டிப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

"தட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை அப்பா. கண்ணால் பார்த்தே எனக்குத் தெரியும்."

"அந்தப் பிள்ளையிடம் சொன்னாயா?"

"இல்லை."

"போய்ச் சொல்லு" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் உள்ளே சென்று படுத்துவிட்டார்.

உடனே போய்விட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு மாதங்கள் கடத்தினேன். வேலை போய்விடும், யூனியனில் விசாரிப்பார்கள், இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று மனம் ஆயிரம் காரணங்களைக் கொண்டுவந்து அடைத்தது; விரிசலை அடைப்பதில் கை தேர்ந்தவன் அல்லவா? முடிவில் ஒரு மாலை, அவர் தங்கியிருந்த அறைக்குச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊன்றுகோலைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "எங்களுக்குத் தெரியும்படி ஓர் அடையாளம் போட்டிருக்கலாமே அண்ணே" என்றார்.

நான் கொடுத்த பணத்தை அன்று அவர் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் கொண்டு சென்றபோது வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவருடைய கால் குறுகிவிட்டது. விளக்குச் சுமந்து ஏற முடியாமல், பொருள்கள் வைக்கும் கிடங்கில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் பல படங்களில் ஒரே இடத்தில் வேலை செய்தோம். என்னைக் காணும்போதெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுப்பார். ஆனால் நான் பூசிய எந்தப் படியையும் முதலில் ஊன்றுகோலால் தட்டிவிட்டே அவர் ஏறினார்.

*

அவர் சொன்ன சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். அன்று முதல் எந்தச் செட்டாயினும், பாரம் தாங்காத தட்டியின் பின்புறத்திலும், கால் வைக்கக் கூடாத பலகையின் அடியிலும் சிவப்புக் காவியால் தடித்த கோடு ஒன்று இழுத்துவிடுவேன். கேமராவுக்கு அது தெரியாது. வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கோடு இழுக்க முடியாத இடத்தில், ஆள் நிற்கும் பலகையை மாற்றாமல் தூரிகையை எடுக்கமாட்டேன். இதனால் இரண்டு முறை வேலையை இழந்தேன். ஆனால் நாளடைவில் தச்சர்களும் லைட்மேன்களும், "சிவப்புக் கோடு போட்டாயிற்றா?" என்று கேட்டுவிட்டு ஏறத் தொடங்கினார்கள்.

எங்கள் தொழிலே பொய்தானே, அதில் என்ன உண்மை வேண்டிக் கிடக்கிறது என்று ஒரு காலத்தில் நான் குழம்பியதுண்டு. எங்கள் பங்குத்தந்தை ஒருவர் அதைத் தெளிவாக்கினார். உரோமை நகரில் புனித இஞ்ஞாசியார் ஆலயம் இருக்கிறது. அதற்குத் திட்டமிட்ட குவிமாடம் கட்டப்படவில்லை. சேசு சபைச் சகோதரரும் ஓவியருமான ஆந்திரேயா பொட்சோ, 1685இல் தட்டையான துணியில் குவிமாடம் ஒன்றைத் தீட்டி மேலே பொருத்தினார். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அது வானளாவிய குவிமாடமாகவே தோன்றும். ஆனால் அந்தத் தோற்றம் முழுமையாகத் தெரியும் இடத்தைக் காட்டத் தரையில் ஒரு வட்டச் சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து விலகி நடந்தால் குவிமாடம் கோணலாகி, அது ஓவியம்தான் என்பது வெளிப்பட்டுவிடும். "அவர் எவரையும் ஏமாற்றவில்லை, எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்" என்றார் அந்தக் குருவானவர். பார்ப்பவன் தெரிந்தே இசைந்து வருவது கலை. தெரியாதவன் காலடியில் பொய்யை வைப்பது அப்படியல்ல. நான் 1983இல் செய்தது இரண்டாவது.

பின்னர் தொலைக்காட்சி வந்து எங்களுக்குப் புது வேலை கொடுத்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கப்பெற்றது. 1990களில் தனியார் தொடர்கள் பெருகின. சினிமாவில் ஒரு சுவருக்கு நான்கு நாள் என்றால், தொலைக்காட்சியில் நான்கு மணி நேரம். காலையில் மருத்துவர் அறை, மாலையில் அதே தட்டி வக்கீல் வீடு. நெருக்கமான கோடுகளையும் சிறு கட்டங்களையும் பூசினால் திரையில் அவை நடுங்கித் துடிக்கும் என்பதையெல்லாம் புதிதாகக் கற்றோம். சினிமாவிலும் பெரிய செயல்கள் நடந்தன. 1987இல் வெளிவந்த ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டா தரணி பம்பாயின் தாராவியைச் சென்னையிலேயே எழுப்பித் தேசிய விருது பெற்றார். அந்தச் சந்துகளின் கறைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள்; ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கும்.

இன்று நிலைமை வேறு. ஜெமினி இருந்த இடத்தில் விடுதி நிற்கிறது. வாகினி இருந்த இடத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. வானத்தை நாங்கள் துணியில் எழுதினோம். இப்போது பச்சைத் துணியைக் கட்டிவிட்டு வானத்தைக் கணினியில் சேர்க்கிறார்கள். அச்சிட்ட படுதாக்கள் வந்ததும் என்னுடன் இருந்தவர்களில் பலர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கச் சென்றுவிட்டார்கள். நான் பூசிய சுவர்களில் ஒன்றுகூட இன்று இல்லை. படம் முடிந்த மறுநாளே அவை உடைக்கப்பட்டுவிட்டன. என் தந்தை 1992இல் காலமானார். அவர் காரை அடைத்து வெள்ளையடித்த சுவர்களுள் சில எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் நிற்கின்றன.

2012இல் நான் ஊருக்குத் திரும்பினேன். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எங்கள் பங்குக் கோயிலில் குடில் அமைப்பது இப்போது என் பொறுப்பு. காகிதத்தைக் கசக்கி, பசையில் தோய்த்து, மலையும் குகையுமாக வண்ணம் பூசுகிறோம். இளைஞர்கள் ஆர்வத்தோடு உதவுகிறார்கள். வானதூதரைத் தொங்கவிட மேலே ஏறவேண்டும் என்பதால் பின்புறம் ஒரு பழைய மேசையைப் போடுவது வழக்கம்.

சென்ற ஆண்டு அந்த மேசையின் ஒரு முனையில் நான் சிவப்புக் கோடு இழுப்பதைப் பார்த்த என் பேரன், "தாத்தா, இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாதே, இங்கே எதற்கு வண்ணம்?" என்று கேட்டான்.

"ஏறுகிறவனுக்குத் தெரியும்" என்றேன்.

அவன் சிறிது யோசித்தான். பிறகு குனிந்து, கோடு இல்லாத பக்கத்தையும் தன் சின்னஞ்சிறு விரல் முட்டியால் டொக், டொக் என்று தட்டிப் பார்த்தான். தட்டிவிட்டு, காதை மேசையருகே வைத்துக் கேட்டான். அதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் கையைப் பார்த்தபடியே சற்று நேரம் நின்றிருந்தேன். பிறகு தூரிகையைக் கழுவச் சென்றேன்.